வீட்டில் ஆள் இருக்கணும்

படத்தை நேராக மாட்டுவதற்காக ரசமட்டத்தைச் சுவரில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பாப்பா. ஐம்பதைத் தாண்டியவளுக்கு அந்தப் பெயர் பொருந்தாதுதான். ஆனால் அம்மா வாய் நிறையக் கூப்பிடுவது அப்படித்தான். அதைக் கேட்டுக் கேட்டு வேலை செய்யும் இடத்தில் ஒட்டிக்கொண்டது, இப்போது இந்தக் கண்காட்சிக் கூடத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கூடம் ஒரு காலத்தில் ரொட்டித் தொழிற்சாலையாக இருந்ததாம். அடுப்புகள் இருந்த பக்கத்தில் சுவர் இன்னும் லேசாகக் கறுத்திருந்தது. எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் அந்தக் கறுப்பு மேலே வந்துவிடுகிறது என்று கூடத்தின் பொறுப்பாளர் அம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். பாப்பாவுக்கு என்னவோ அந்த மூலைதான் பிடித்திருந்தது. தன் படங்களில் சமையலறைப் படங்களை அங்கேயே மாட்டச் சொல்லிவிட்டாள்.

கண்காட்சிக்கு 'நினைவு, வீடு, அடையாளம்' என்று பெயர் வைத்ததும் பொறுப்பாளர்தான். தமிழிலும் அச்சடித்திருந்த அழைப்பிதழை வீட்டில் கொடுத்தபோது, அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள். "என்னடி இது, விண்ணப்பத்துல பேர், விலாசம், அங்க அடையாளம்னு கேக்கற மாதிரி இருக்கு?" என்றாள். அதோடு சரி. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

பாப்பாவுக்குப் பகலில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. ஒரு பீங்கான் பல்லுக்கு அதன் இரு பக்கமும் இருக்கப்போகிற உண்மைப் பற்களின் நிறத்தை ஏற்ற வேண்டும். தேநீர் குடிப்பவரின் பல், புகைபிடிப்பவரின் பல், வயதானவரின் பல் என்று வெள்ளைக்குள் எத்தனையோ மஞ்சள், எத்தனையோ சாம்பல். அந்தக் கண்ணும் கையும் மாலையில் வீட்டுக்கு வந்ததும் வேறு வேலைக்குத் திரும்பும். துணி காயப்போடும் அறையில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, விட்டுவிட்டு வந்த வீட்டை அவள் வரைவாள். வருடக்கணக்காக அந்த ஒரு வீட்டைத்தான். நடை, சமையலறை, படிக்கட்டுக்குக் கீழே இருந்த இருட்டு, அப்பாவின் சட்டை தொங்கிய ஆணி. எதிலும் ஆள் இருக்காது. ஆளை வரைய உட்கார்ந்தால் தூரிகை நின்றுவிடும். அம்மா காய்ந்த துணியை எடுக்க வரும்போது படத்தைப் பார்க்காமல் கொடியை மட்டும் பார்ப்பாள். ஒரே ஒருமுறை, மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்று, "ஆளில்லாத வீட்டை எத்தனை தடவைதான் வரைவே?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கண்காட்சியின் இன்னொரு கலைஞன் புகைப்படக்காரன். கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைப்பவன். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தமிழ் அப்பா அம்மாவிடம் மட்டும் பேசிப் பழகிய தமிழ். அதனால் யாரிடம் பேசினாலும் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற பணிவு அதில் வந்துவிடும். பாப்பாவின் ஊரும் அவனுடைய அப்பாவின் ஊரும் ஒன்று என்று தெரிந்துதான் பொறுப்பாளர் இருவரையும் சேர்த்துவைத்தாள். அப்பா இறந்த பிறகு, அவர் சொன்ன அடையாளங்களை வைத்துக்கொண்டு முதல்முறையாக அந்த ஊருக்குப் போயிருக்கிறான். அப்பாவின் வீடு இருந்த இடத்தில் பேருந்து நிலையம் இருந்தது. "அப்பா படுத்துத் தூங்கின இடத்துல பஸ் நிக்குதுக்கா" என்று முதல் சந்திப்பிலேயே சிரித்தபடி சொன்னான். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. அப்புறம் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கண்ணில் பட்ட வீடுகளின் கதவைத் தட்டி, அங்கே இருப்பவர்களிடம், 'உங்க வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச இடத்துல நில்லுங்க' என்று கேட்டுப் படம் எடுத்திருக்கிறான். அவன் படங்களில் வீட்டை விட ஆட்கள்தான் அதிகம்.

அன்று மதியம் அவன் தன் சட்டங்களை ஒவ்வொன்றாகக் குமிழிக் காகிதத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் பெரியதைப் பிரித்து, வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் நடுச்சுவரில் சாய்த்து வைத்தான். பாப்பா ஸ்டூலிலிருந்து இறங்கப் போனவள், ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக நின்றுவிட்டாள்.

படத்தில் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். ஈரக் கையை இடுப்பில் துடைத்த வாக்கில் சமையலறை ஜன்னலருகே நிற்கிறாள். முகத்தில் பாதி வெளிச்சம். பாப்பா பெண்ணைப் பார்க்கவில்லை. ஜன்னலில் நேர்க்குத்தாக ஐந்து கம்பிகள். நான்கு கம்பிகள் சதுரமானவை, நடுவில் இருப்பது மட்டும் உருண்டையான தண்ணீர்க்குழாய். சின்ன வயதில் அண்ணன் அந்த ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு எடுக்க முடியாமல் ஊரைக் கூட்டினான். எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பட்டறைக்காரர் வந்து கம்பியை அறுத்தார். அந்த இடத்தில் அப்பா தற்காலிகமாக ஒரு குழாய்த் துண்டைச் செருகினார். அப்பாவின் தற்காலிகம் எல்லாம் நிரந்தரம்தான் என்று அம்மா சொல்லிக்காட்டுவாள்.

"இது எந்த வீடு?" என்றாள் பாப்பா.

"இதுவா? தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு சந்து போகுமில்ல, அதுல கடைசி வீடு." அவன் சட்டத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்தான். "இந்த வீட்டுல ஒரு கூத்து நடந்துதுக்கா. நான் கதவைத் தட்டினேனா, இந்த அம்மா திறந்தாங்க. என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. 'வந்துட்டீங்களா? நீங்கதானே இந்த வீட்டுப் பிள்ளை?'ன்னாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. உள்ள கூட்டிட்டுப் போய் நாற்காலி போட்டுத் தண்ணி கொடுத்தாங்க. 'நாங்க வந்ததிலேருந்து இத்தனை வருஷமா ஒருத்தரும் வந்து கேக்கல. ஆனா என்னைக்காவது வருவாங்கன்னு எனக்குத் தெரியும்'னாங்க."

"நீ என்ன சொன்னே?"

அவன் துடைப்பதை நிறுத்தினான். "உடனே இல்லைன்னு சொல்லியிருக்கணும். தண்ணியைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் சொல்லலக்கா. நமக்குன்னு ஒருத்தர் எதிர்பாத்துட்டிருந்த வீட்டுல உக்காந்து பாக்கணும்னு ஆசையா இருந்தது. அப்புறம்தான் சொன்னேன்."

பாப்பா இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். 'ஒருத்தரும் வந்து கேக்கல.' அவன் வேடிக்கையாகச் சொன்ன கதைக்குள் அந்த ஒரு வரி கல் மாதிரி கிடந்தது.

ஊர் காலியான அன்று லாரியில் இடம் பிடித்து ஏறி, சந்து முனையைத் தாண்டிய பிறகுதான் அப்பாவுக்கு வாசற்கதவைப் பூட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது. "திறந்து போட்டுட்டு வந்துட்டேனே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணன் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஓடுகிற லாரியிலிருந்து குதித்தான். இருபத்திரண்டு வயது. "பூட்டிட்டுப் பின்னாடியே வர்றேன், நீங்க போங்க" என்று நடந்தபடியே கையைக் காட்டினான். அன்று மதியம் சாலையை மூடிவிட்டார்கள். பின்னால் வந்த லாரியில் அவன் இல்லை. அதற்குப் பின்னால் வந்தவற்றிலும் இல்லை. போகிற இடத்தில் எல்லாம் கேட்டார்கள், பதிவு செய்தார்கள், விசாரித்தார்கள். வந்து சேர்ந்த இந்த நாட்டில் அப்பா கண்ணை மூடும்வரை அம்மா அவரிடம் சொன்ன கடுஞ்சொல் ஒன்றே ஒன்றுதான். "ஒரு பூட்டுக்காக." வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். வீட்டைப் பற்றிப் பேச மாட்டாள். ஆனால் அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பாப்பாவுக்குத் தெரியும். அவன் எங்கேயோ இருக்கிறான், வழி பிறக்கும்போது முதலில் அந்த வீட்டுக்குத்தான் போவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாப்பாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"தம்பி, இந்தப் படம் வேண்டாம்" என்றாள்.

"அக்கா, இதுதான் முக்கியமான படம். பொறுப்பாளர் நடுச்சுவரை அளவெடுத்து வச்சிருக்கிறதே இதுக்குத்தான்."

"வேண்டாம்னா வேண்டாம். வேற ஏதாவது மாட்டு."

அவன் முகம் சுருங்கியது. "உங்க படத்துல ஒண்ணை எடுங்கன்னு நான் சொன்னா நீங்க எடுப்பீங்களா?"

அவள் எழுந்து தன் படங்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், இன்னும் பிரிக்காத ஒன்றை எடுத்து வந்து நாடாவைக் கிழித்தாள். அவனுடைய படத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்தாள். சமையலறை ஜன்னல். நான்கு சதுரக் கம்பிகள், நடுவில் உருண்டைக் குழாய். ஆள் இல்லை.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பாப்பா அண்ணனைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலில் தலை மாட்டியதைச் சொல்லும்போது சிரித்தாள், லாரியைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டாள். "அம்மா வந்தாலும் வருவாங்க. உன்கிட்ட இந்தக் கதையைக் கேட்டாங்கன்னா அவங்களுக்குப் பிடிச்சு நிக்க ஒண்ணும் இருக்காது" என்று முடித்தாள். அவன் எழுந்து, படத்தை மறுபடி குமிழிக் காகிதத்தில் சுற்றி, பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். நடுச்சுவர் மொட்டையாக நிற்கிறது என்று பொறுப்பாளர் மாலையில் வந்து முணுமுணுத்தாள். அந்தச் சுவருக்கு ஒத்துவருகிற அளவில் வேறு படம் இல்லை. ஆணியை அப்படியே விட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கையில் பழச்சாறு டம்ளரோடு ஜனங்கள் சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். பல் கூடத்திலிருந்து வந்தவர்கள் பாப்பாவின் படங்களுக்கு முன்னால் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். அம்மா வாடகைக் காரில் தனியாக வந்து இறங்கினாள். சலவை செய்த சேலை, ஊன்றுகோல், தோளில் பை. கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல வாசலில் நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பாப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"என்னைப் பிடிக்காதே, எனக்குப் பாக்கத் தெரியும்" என்றாள் அம்மா.

அம்மா பாப்பாவின் படங்களைத்தான் முதலில் பார்த்தாள். இத்தனை வருடம் பார்க்காததை எல்லாம் சேர்த்துவைத்துப் பார்ப்பவள் போல ஒவ்வொன்றிலும் நின்றாள். படிக்கட்டு இருட்டுக்கு முன்னால், "இவ்வளவு அகலம் இல்லையே" என்றாள். அப்பாவின் ஆணிக்கு முன்னால் ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டாள். கறுத்த மூலைக்கு வந்து ஜன்னல் படத்தைப் பார்த்து, மூக்கால் சிரித்தாள். "அந்தக் குழாய்." அதன் பிறகு புகைப்படங்கள். ஒவ்வொரு வீட்டிலும் நிற்கிற ஆட்களின் முகத்தை அருகில் போய்ப் பார்த்தாள். ஒரு கிழவரை, ஒரு இளைஞனை, நடுத்தர வயது ஆண்களை. முக்கியமாக ஆண்களை. அண்ணனைத்தான் தேடுகிறாள் என்று பாப்பாவுக்கு உறைத்தது. சுற்றி வந்து நடுச்சுவருக்கு முன்னால் அம்மா நின்றாள்.

"இங்க என்ன இருந்தது?"

புகைப்படக்காரன் பாப்பாவைப் பார்த்தான். பாப்பா தரையைப் பார்த்தாள்.

"ஆணி இருக்கு, மேல விளக்கு எரியுது. படம் எங்க தம்பி?"

"உள்ள இருக்கும்மா."

"ஏன் உள்ள இருக்கு?"

பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் இனி ஒளிக்க முடியாது. ஒளித்தால், ஒளித்ததையே பதிலாக எடுத்துக்கொள்வாள். "எடுத்துட்டு வா தம்பி" என்றாள்.

அவன் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான். பக்கத்தில் நின்றவர்கள் என்னவென்று தெரியாமலே ஒதுங்கி இடம் விட்டார்கள். பொறுப்பாளர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அம்மா உட்காரவில்லை. படத்தைப் பார்த்தபடி நின்றாள். பாப்பாவைப் போல ஜன்னலை அல்ல, அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள்.

"மெலிஞ்சிருக்கா" என்றாள் கடைசியில். "இவதான் இப்ப அங்க இருக்காளா?"

"ஆமாம்மா. அவங்க ஊரும் போயிடுச்சு. கைக்குழந்தையோட வந்து அங்க தங்கினாங்களாம்."

"நீ போய்க் கதவைத் தட்டினப்ப என்ன கேட்டா?"

இதைத்தான் கேட்பாள் என்று பாப்பாவுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் சொன்னான். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"அப்ப யாரும் வரல" என்றாள்.

"அம்மா..."

"இருடி." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அவளோட போன் நம்பர் இருக்கா?"

படத்தை அனுப்புவதாகச் சொல்லி அவன் நம்பர் வாங்கியிருந்தான். இங்கே சாயங்காலம், அங்கே விடிந்து வெயில் ஏறியிருக்கும். மணி அடித்து அடித்து, கடைசியில் திரையில் அந்த முகமே வந்தது. ஒரு கணம் சுவரிலும் கையிலுமாக இரண்டு முகங்கள். அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்தான். அந்தப் பெண் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். உட்கார்ந்திருந்தவள் மரியாதைக்கு எழுந்துகொண்டாள் என்று தெரிந்தது.

"அம்மா, நாங்க வேணும்னு பண்ணல" என்றாள். "அப்ப போக இடமில்ல. குழந்தைக்குக் காய்ச்சல். எப்பக் காலி பண்ணணும்னு சொல்லுங்க. கொஞ்சம் நாள் மட்டும் கொடுங்க."

"வீட்டைக் கேக்கக் கூப்பிடலம்மா" என்றாள் அம்மா. "உன்கிட்ட ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

"சொல்லுங்கம்மா."

"நீங்க முதல்ல வந்த அன்னிக்கு, வாசக்கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா?"

இத்தனை வருடத்தில் பாப்பா இப்படி யோசித்ததே இல்லை. திறந்திருந்தால் அண்ணன் வீடு போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

திரையில் அந்தப் பெண் தலை குனிந்தாள்.

"என்ன இருந்தாலும் சொல்லும்மா. நான் தாங்கிக்குவேன்."

"பூட்டியிருந்ததும்மா" என்றாள் அவள். "பெரிய பூட்டு. நாங்கதான் கல்லால உடைச்சோம். என் வீட்டுக்காரர் வேண்டாம்னார், நான்தான் உடைங்கன்னேன். அந்தப் பாவம் இன்னிக்கும் மனசுல உறுத்துது. எங்களை மன்னிச்சுக்குங்க."

ஊன்றுகோல் அம்மாவின் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. பாப்பா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோள் அழுகிறவளின் தோள் மாதிரி குலுங்கியது, ஆனால் முகத்தில் பாப்பா மறந்தே போயிருந்த ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது.

"பூட்டியிருந்ததாம்டி" என்றாள் அம்மா. "பூட்டிட்டுத்தான் கிளம்பியிருக்கான்."

"ஆமாம்மா."

"சாவி அவன்கிட்டதான் இருக்கு."

"ஆமாம்மா."

"உங்கப்பாவை எவ்வளவு பேசிட்டேன்" என்றாள் அம்மா. பிறகு திரையைப் பார்த்து, குரலைச் சரிசெய்துகொண்டு, வீட்டு மனுஷியிடம் பேசுவது போலப் பேசினாள். "மன்னிப்பு எதுக்கும்மா? நல்லதைத்தான் சொன்னே. நீ எங்கயும் போகாதே, அங்கயே இரு. வீட்டுல ஆள் இருக்கணும். யாராவது வந்து கேட்டா, யார் எந்த நேரத்துல வந்து கேட்டாலும், நாங்க இங்க இருக்கோம்னு சொல்லு. இந்தத் தம்பி நம்பரைக் கொடு. செய்வியா?"

"செய்யறேம்மா." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டைப் பாக்கறீங்களா? போனை எடுத்துட்டுச் சுத்திக் காட்டறேன்."

"அப்புறம் பாக்கறேன். முதல்ல நீ பாரு, என் பொண்ணு வரைஞ்சிருக்கா." அம்மா எழுந்து, போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாப்பாவின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனாள். பாப்பா பின்னாலேயே நடந்தாள். தான் வரைந்த அறைகளை அந்த அறைகளில் குடியிருக்கும் ஒருத்தி பார்ப்பதை நினைக்கக் கூச்சமாக இருந்தது. "படிக்கட்டு அப்படியேதாம்மா இருக்கு" என்று குரல் வந்தது. "அந்த ஆணியில இப்ப என் பையன் சட்டையை மாட்டறான்." அம்மா சிரித்தாள். "மாட்டட்டும், மாட்டட்டும்."

ஜன்னல் படத்துக்கு வந்தபோது போனிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"இருங்கம்மா, யாரோ கதவைத் தட்டறாங்க. பாத்துட்டு வந்துடறேன்."

அவள் போனை எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். முகம் போய்த் திரையில் கூரை வந்தது. கறுத்த உத்தரம், ஓடுகள், நடுவே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் ஒரு சாய்ந்த தூணாக இறங்கியிருந்தது. அதற்குள் தூசி அசையாமல் நின்றது.

"பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும்மா" என்றான் புகைப்படக்காரன் மெதுவாக.

அம்மா உதட்டில் விரலை வைத்தாள். போனை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, திரையிலிருந்து கண் எடுக்காமல் நின்றாள். பாப்பாவும் குனிந்து பார்த்தாள். காலடிச் சத்தம் நடை வழியாகத் தேய்ந்துகொண்டே போனது. தாழ்ப்பாள் தூக்கப்பட்டு, கிறீச்சென்று இழுபட்டது. கதவு திறந்திருக்க வேண்டும். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் நின்றிருந்த தூசி முழுவதும் ஒரே சமயத்தில் கலைந்து, மேலெழுந்து, சுழலத் தொடங்கியது.